தன் நூலைத் தானே அச்சிட்ட கவிஞன்

1855ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் முதல் நாட்களில், நியூயோர்க் நகருக்கு எதிர்க்கரையிலுள்ள புரூக்ளினிலே, பச்சைத் துணி அட்டையிட்ட மெல்லிய நூலொன்று விற்பனைக்கு வந்தது. அட்டையிற் பொன்னெழுத்துக்கள், அவ்வெழுத்துக்களிலிருந்து வேரும் இலையும் கிளைத்தோடுவது போன்ற வேலைப்பாடு. உள்ளே 95 பக்கங்கள், பன்னிரண்டு கவிதைகள், நீண்டதொரு முன்னுரை. தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் இல்லை. வெளியீட்டாளர் பெயரும் இல்லை. பெயருக்குப் பதிலாக எதிர்ப்பக்கத்தில் ஒரு படம் இருந்தது. தொப்பியைச் சரித்து வைத்து, சட்டையின் கழுத்தைத் திறந்துவிட்டு, ஒரு கையை இடுப்பில் ஊன்றி நிற்கும் உழைப்பாளி ஒருவனின் படம். அவனே ஆசிரியன் என்பதை வாசகன் நூலினுள்ளே சில பக்கங்களைக் கடந்த பின்னர்தான் அறியலாம்.

‘புல்லின் இதழ்கள்’ என்னும் அந்நூலை எழுதிய வோல்ற் விற்மனைப் பற்றி நம்மவர்கள் ஏராளமாகப் பேசியிருக்கிறார்கள். புதுக்கவிதைக்கு வழிகாட்டியவன் என்பார் சிலர். சனநாயகத்தின் கவிஞன் என்பார் வேறு சிலர். இவை தவறல்ல. ஆயினும் அம்மனிதன் எப்படிச் சீவித்தான், எவ்வாறு உண்டான், எதைக் கேட்டு மகிழ்ந்தான், எந்த நோயால் வருந்தினான், தன் நூலை எப்படி விற்றான் என்னும் வினாக்களைக் கேட்பவர் குறைவு. இவற்றை அற்ப விடயங்கள் என்று கருதுவோரும் உளர். உடலைப் பாடுவதையே தன் தொழிலாகக் கொண்ட ஒரு கவிஞனைப் பொறுத்தவரை இவை அற்ப விடயங்களாதல் எங்ஙனம்?

விற்மன் 1819ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி லோங் ஐலண்டிலே பிறந்தான். தந்தை தச்சுத் தொழிலாளி. வீடு கட்டி விற்பவர். பிள்ளைகள் ஒன்பதின்மர், அவர்களுள் ஒன்று குழந்தைப் பருவத்திலேயே இறந்தது. பதினொரு வயதிற் பள்ளிப்படிப்பு முடிந்தது. சட்டத்தரணிகளின் கந்தோரில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தான். அவர்களுள் ஒருவர் சந்தா கட்டிக் கொடுத்த நூல்நிலையமே அவனுக்குப் பல்கலைக்கழகமாயிற்று. பின்னர் அச்சுக்கூடத்திலே தொழில் பழகினான். பதினேழு வயதில் லோங் ஐலண்டின் கிராமப் பள்ளிகளில் ஆசிரியனானான். பெற்றோர் வீடுகளில் முறைவைத்துத் தங்கி, கிடைத்ததை உண்டு படிப்பிக்கும் வேலை அது. ஐந்தாண்டுகள் அங்குமிங்குமாக அதைச் செய்தான். அதில் அவனுக்கு மகிழ்ச்சி இருந்ததில்லை. ஆசிரியத் தொழிலில் இருப்போர் இதனைக் கேட்டு வியப்படையார். இடையில் 1838இல் அச்சுப்பொறி ஒன்றை வாங்கி, ‘லோங் ஐலண்டர்’ என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினான். எழுதியவனும் அவனே, அச்சுக்கோத்தவனும் அவனே, குதிரையேறி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவனும் அவனே. ஓராண்டுக்குள் அதை விற்றுவிட்டான். ஆயினும் எழுத்து, அச்சு, விநியோகம் ஆகிய மூன்றும் ஒரே மனிதனின் கையால் நிகழக்கூடியவை என்ற பாடம் அவனுக்கு இருபது வயதுக்கு முன்னரே கிடைத்துவிட்டது.

1846இல் ‘புரூக்ளின் டெய்லி ஈகிள்’ பத்திரிகையின் ஆசிரியனானான். புதிய மாநிலங்களுக்கு அடிமைமுறை பரவுதல் கூடாதென்று எழுதியதனால் 1848 ஜனவரியில் வேலை போயிற்று. சிலகாலம் நியூ ஓர்லியன்ஸ் நகரிலே பத்திரிகை வேலை பார்த்தான். மனிதரை ஏலம் போடும் சந்தை நடக்கும் நகரம் அது. திரும்பி வந்து தந்தையோடு சேர்ந்து வீடு கட்டி விற்றான். மதிய உணவோடு எமர்சனின் நூலொன்றையும் எடுத்துச் சென்று, உணவு வேளையிற் படித்ததாகப் பிற்காலத்தில் நண்பரொருவரிடம் கூறினான்.

இக்காலத்தில் அவனது பொழுதுபோக்குகள் யாவை? பத்திரிகையாளனுக்கு நாடக அரங்கில் இலவச அனுமதி உண்டு. பௌவரி அரங்கில், தொழிலாளரும் கைவினைஞரும் நிறைந்த கூட்டத்தின் நடுவே அமர்ந்து, மூத்த பூத் என்னும் நடிகர் மூன்றாம் ரிச்சர்டாக நடிப்பதைக் கண்டு மெய்ம்மறந்தான். அதனிலும் மேலாக அவனை ஆட்கொண்டது இத்தாலிய ஒப்பெரா. ரொசினி, பெல்லினி, டொனிசெற்றி, வெர்டி ஆகியோரின் இசைநாடகங்களை நியூயோர்க்கில் மீண்டும் மீண்டும் கேட்டான். 1852, 1853ஆம் ஆண்டுகளில் மரியெற்றா அல்போனி என்னும் பாடகி அந்நகருக்கு வந்திருந்தபோது, அவர் பாடிய நிகழ்ச்சிகளில் ஒன்றையேனும் அவன் தவறவிட விரும்பவில்லை. ஒப்பெரா இல்லையெனில் ‘புல்லின் இதழ்கள்’ எழுதப்பட்டிராது என்று பின்னர் அவனே சொன்னான். யாப்பைத் துறந்த அவனது நீண்ட அடிகளின் ஏற்ற இறக்கங்களை விவிலியத்தோடு மட்டும் தொடர்புபடுத்தும் விமரிசகர்கள் இதனை மறந்துவிடுகிறார்கள். தச்சனின் மகன் இலவச அனுமதியிற் கேட்ட இசை அது.

ஒப்பெரா இல்லாத பொழுதுகளில் ஈஸ்ற் ஆற்றைக் கடக்கும் நீராவிப் படகுகளில் இங்குமங்கும் போய்வருவான்; மாலுமிகள் அவனை மாலுமியறையில் ஏற்றிக்கொள்வர். பிரோட்வே வீதியில் ஓடிய குதிரைவண்டிகளில் சாரதியின் அருகே ஏறியமர்ந்து ஊர்க்கதை கேட்பான். சாரதிகள் காயம்பட்டு வைத்தியசாலையிற் கிடந்தபோது அங்கு சென்று அவர்களோடு இருந்து பேசினான். பின்னாளிற் போர்க்கால வைத்தியசாலைகளில் அவன் செய்தவற்றுக்குத் தொடக்கம் இங்கேதான் இருந்தது. பிரோட்வேயில் இருந்த எகிப்தியத் தொல்பொருட் காட்சிசாலைக்கு அடிக்கடி சென்று, அதைக் காட்டிய வைத்தியரோடு நெடுநேரம் உரையாடுவதும் அவன் வழக்கம்.

இன்னுமொரு ஈடுபாட்டையும் சொல்லவேண்டும். மண்டையோட்டின் மேடு பள்ளங்களைத் தடவிப் பார்த்து மனிதனின் குணங்களைக் கூறும் போலி விஞ்ஞானம் ஒன்று அக்காலத்து அமெரிக்காவிற் பெருவழக்காயிருந்தது. 1849 ஜூலையில் லொரென்சோ பௌலர் என்பார் விற்மனின் தலையைத் தடவிப் பார்த்து, நற்குணங்கள் பலவும் மிகுதியாக இருப்பதாக எழுதிக் கொடுத்தார். அக்குறிப்பை அவன் வாழ்நாள் முழுவதும் போற்றினான். பலமுறை அச்சிட்டும் காட்டினான். 1855இல் அவனது நூலை விற்பனைக்கு ஏற்றுக்கொண்டதும் அந்தப் பௌலரின் நிறுவனமே. நல்ல புத்தகசாலைகள் திரும்பிப் பாராத நூலுக்கு மண்டையோடுகளின் நடுவே இடம் கிடைத்தது.

நூல் அச்சானது புரூக்ளினில் றோம் சகோதரர்களின் சிறிய அச்சுக்கூடத்திலே. சட்டப் படிவங்களை அச்சிடுவது அவர்களின் வழக்கமான வேலை. விற்மன் நாள்தோறும் அங்கே சென்று, மூலையில் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தான்; பத்துப் பக்கங்களளவில் அவனே அச்சுக்கோத்ததாகவும் சொல்லப்படுகிறது. நூலின் அகன்ற பக்க அளவும் படமும் அட்டையும் அவன் தெரிவு. கட்டப்பட்ட படிகள் 795. தொடக்க விலை இரண்டு டொலர். எந்த உழைப்பாளியின் படம் நூலின் முகப்பில் இருந்ததோ, அந்த உழைப்பாளி எளிதிற் கொடுக்கக்கூடிய விலையன்று அது. விற்றவை சிலவே. நூல் வெளியான சில நாட்களில், ஜூலை 11ஆம் திகதி, தந்தை காலமானார். தம்பி ஜோர்ஜ் நூலைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் படிக்கத் தகுந்ததன்று என்று வைத்துவிட்டான். தாயின் கருத்தும் ஏறக்குறைய அதுவே. இதை நாம் அறிவது தம்பியே பிற்காலத்திற் சொன்னதனால்.

நூல் கிடைத்த எமர்சன், முன்பின் அறியாத அவ்வாசிரியனை மனமாரப் பாராட்டி ஜூலை 21இல் ஒரு கடிதம் எழுதினார். விற்மன் அக்கடிதத்தை அவரது அனுமதியின்றிப் பத்திரிகையில் வெளியிட்டான். 1856இல் வந்த இரண்டாம் பதிப்பின் முதுகிலே கடிதத்தின் ஒரு வாக்கியத்தைப் பொன்னெழுத்தில் பொறித்தும் விட்டான். இது போதாதென்று, பெயரின்றித் தன் நூலுக்குத் தானே மூன்று மதிப்புரைகள் எழுதி மூன்று ஏடுகளில் வெளியிட்டான். அம்மதிப்புரைகளில் ஆசிரியனின் கட்டான உடலும் சிவந்த நிறமும் அஞ்சாத நெஞ்சும் நூலின் கவிதைகளுக்கு நிகராகப் புகழப்பட்டன. இதனைச் சிலர் ஏமாற்று என்பர். நானும் இதைப் பாராட்டேன். ஆயினும் வெளியீட்டாளரும் விளம்பரமும் உள்ள எழுத்தாளர்களுக்காகப் பிறர் கூலிக்குச் செய்யும் வேலையை, அவையில்லாதவன் தானே செய்தான் என்பதையும் சேர்த்தே மதிப்பிடுதல் வேண்டும். தன் செலவில் நூல் வெளியிட்டு, அதைப் பையிற் கட்டிக்கொண்டு பாடசாலை பாடசாலையாக ஏறியிறங்கும் ஈழத்து எழுத்தாளனுக்கு விற்மனின் நிலை விளங்காததன்று.

வீட்டிலே அவன் எப்படி இருந்தான்? 1856 நவம்பரில் அல்கொற், தோரோ ஆகிய எழுத்தாளர் இருவரும் அவனைக் காண வந்தனர். மேன்மாடியின் சிறு அறையில் இன்னும் ஒழுங்குசெய்யப்படாத படுக்கை. அதிலே அவனோடு படுப்பவன் ஊனமும் மனவளர்ச்சிக் குறைவும் உடைய கடைசித் தம்பி எடி. சுவரிலே ஹெர்க்கியூலிஸ் முதலான புராண உருவங்களின் படங்கள் ஒட்டப்பட்டிருந்தன. அல்கொற் தமது நாட்குறிப்பில் இவற்றையெல்லாம் எழுதிவைத்தார். காலையில் நேரஞ்சென்று எழுவான், மனம்கொண்டாற் சில மணிநேரம் எழுதுவான், பின்னர் வெளியே போய்விடுவான், சாப்பாட்டு வேளை பற்றிக் கவலைப்படமாட்டான் என்பது தம்பி ஜோர்ஜின் சாட்சியம்.

இங்கேதான் அண்மைக்காலத்திற் கிடைத்த ஒரு சான்று சுவை தருகிறது. 1858 செப்டெம்பர் முதல் டிசெம்பர் வரை ‘நியூயோர்க் அற்லஸ்’ என்ற பத்திரிகையில், ஆண்மைக்குரிய உடல்நலமும் பயிற்சியும் என்னும் பொருள்பற்றி, மோஸ் வெல்சர் என்ற புனைபெயரில் ஒரு தொடர் வெளிவந்தது. ஏறத்தாழ 47,000 சொற்கள். வெல்சர் என்பது விற்மனின் தாய்வழிக் குடும்பப் பெயரின் சிதைவு. இத்தொடர் அவனுடையதே என்பதை இளம் ஆய்வாளராயிருந்த சக்கரி றெர்பின் கண்டறிய, 2016இல் அது முழுமையாக மறுபதிப்பாயிற்று. அதில் விற்மன் சொல்வன: வைகறையில் எழுதல் வேண்டும்; குளிர்நீரால் உடலைத் தேய்த்துக் கழுவல் வேண்டும்; திறந்த வெளியில் நெடுந்தூரம் நடத்தல் வேண்டும்; உணவிலே இறைச்சியே முதன்மையாதல் வேண்டும்; சுவையூட்டும் குழம்பு வகைகளைத் தவிர்த்தல் வேண்டும்; தாடி தொண்டைக்குக் காப்பு; பந்தாட்டக்காரர் அணிவது போன்ற இலகுவான சப்பாத்தே காலுக்கு நல்லது. நாளெல்லாம் மேசையில் குனிந்திருக்கும் லிகிதர்களையும் எழுத்தாளர்களையும் எழுந்து உலாவுமாறு வற்புறுத்துகிறான். நேரஞ்சென்று எழும் மனிதன், வைகறைத் துயிலெழுதலைப் போதித்து ஊதியம் பெற்றான் என்று நகைக்கலாம். எனினும் அத்தொடரைக் கூர்ந்து படிப்போருக்கு வேறொரு குறை புலப்படும். நலமான உடலைப் போற்றத் தொடங்கியவன், நலமற்றவனைத் தாழ்த்தும் எல்லைக்கும் சில இடங்களிற் போய்விடுகிறான். நல்ல இனத்தை வளர்ப்பது பற்றிய அக்காலத்து மயக்கங்களும் அதிலே கலந்துள்ளன. கவிதையில் நோயாளியையும் அடிமையையும் தன்னோடு சேர்த்தணைத்த மனிதன், பத்திரிகைக்கு எழுதும்போது அவ்வளவு பெரிய மனிதனாக இல்லை.

இதனைவிட முக்கியமானது, அவன் நலத்தைப் பற்றி இவ்வளவு ஓயாமற் பேசியதன் காரணம். அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தால் அது விளங்கும். எடியின் நிலையைச் சொன்னேன். மூத்த அண்ணன் ஜெஸியின் மனம் பேதலித்து வன்முறையில் இறங்க, 1864இல் வோல்ற்றே அவனை மனநோய் வைத்தியசாலையிற் சேர்க்க நேர்ந்தது. 1870இல் அங்கேயே அவன் இறந்தான். அன்றூ என்ற தம்பி குடியாலும் தொண்டை நோயாலும் உருக்குலைந்து 1863 டிசெம்பரில் மாண்டான். தங்கை ஹனாவின் மணவாழ்வு மனநோயிற் கழிந்தது. அடுத்த அறையில் இருமலும் அழுகையும் கேட்க எழுதப்பட்டவை அந்த நலப் பாடல்கள். இல்லாத ஒன்றை உரத்துச் சொல்லி வரவழைக்க முயன்ற ஒரு வீட்டுப் பிள்ளையின் குரலாகவே நான் அவற்றைக் கேட்கிறேன்.

1862 டிசெம்பரில், உள்நாட்டுப் போரில் ஜோர்ஜ் காயமடைந்தான் என்ற செய்தி பத்திரிகையில் வர, விற்மன் வேர்ஜினியாவுக்கு ஓடினான். தம்பியின் காயம் சிறிது. ஆனால் களவைத்தியசாலையாக மாற்றப்பட்ட மாளிகையொன்றின் வெளியே, மரத்தடியில், வெட்டி எறியப்பட்ட கைகளும் கால்களும் குவிந்துகிடந்ததைக் கண்டான். அதன்பின் அவன் வீடு திரும்பவில்லை. வாஷிங்டனில் வாடகை அறையொன்றில் தங்கி, இராணுவச் சம்பளக் கந்தோரில் நாளுக்குச் சில மணிநேரம் எழுத்துவேலை செய்து, எஞ்சிய பொழுதெல்லாம் வைத்தியசாலைகளிற் கழித்தான். எந்தச் சங்கத்தின் ஊழியனாகவும் அல்ல, தனி மனிதனாக. நண்பர்களுக்கு எழுதிச் சேர்த்த பணத்தில் தோடம்பழம், பழப்பாகு, புகையிலை, கடதாசி, தபால்முத்திரை ஆகியவற்றை வாங்கித் தோட்பையில் இட்டுக்கொண்டு கட்டில் கட்டிலாகச் செல்வான். எழுதத் தெரியாத சிப்பாய்களுக்காக வீட்டுக்குக் கடிதம் எழுதுவான். இறந்தவனின் தாய்க்கும் அவனே எழுதுவான். போவதற்கு முன் குளித்து, நன்றாக உண்டு, உடலைத் தளர்ச்சியின்றி வைத்துக்கொள்வதையும் ஒரு கடமையாகக் கொண்டான்; நலமுள்ள ஒருவன் அருகிலிருப்பதே நோயாளிக்கு மருந்து என்பது அவன் நம்பிக்கை. மூன்றாண்டுகளில் அறுநூறுக்கு மேற்பட்ட தடவைகள் சென்றதாகவும், எண்பதினாயிரம் முதல் இலட்சம் வரையிலானோரைக் கண்டதாகவும் அவனது சொந்தக் கணக்கு. வடக்கரையும் பார்த்தான், தெற்கரையும் பார்த்தான். 1864 கோடையில் தலைச்சுற்றும் தொண்டைநோவும் தலையிடியும் அவனை வீழ்த்தின. ஆறு மாதம் தாயின் வீட்டிற் கிடந்தான். தன் உடல் பின்னர் முறிந்ததற்கு வைத்தியசாலைகளிற் புகுந்த நஞ்சே காரணமென அவன் இறுதிவரை நம்பினான். அந்நூலின்றி வேறெதுவும் அவன் எழுதாதிருந்தாலும், இம்மூன்றாண்டுகளுக்காக அவனை நினைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

போர் முடியும் தறுவாயில் செவ்விந்தியர் விவகாரக் கந்தோரில் ஆண்டுக்கு 1,200 டொலர் சம்பளத்தில் லிகிதர் உத்தியோகம் கிடைத்தது. 1865 ஜூனில், உள்நாட்டு விவகார அமைச்சர் ஜேம்ஸ் ஹார்லன் ‘புல்லின் இதழ்க’ளின் படியொன்றைக் கண்டு, ஆபாச நூலாசிரியனென்று அவனை வேலைநீக்கம் செய்தார். நண்பர்கள் உடனே சட்டமா அதிபரின் கந்தோரில் வேறொரு வேலை தேடிக் கொடுத்தனர். அதே ஆண்டில் போர்க்கவிதைகளின் தொகுதியைத் தன் செலவிலேயே அச்சிட்டான்.

1873 ஜனவரி 23ஆம் திகதி இரவு பாரிசவாதம் அவனைத் தாக்கியது. இடப்பக்கம் செயலிழந்தது. நான்கு மாதங்களில், மே 23இல், தாய் மறைந்தாள். ஐம்பத்துநான்கு வயதை எட்டும் நிலையில், வேலையின்றி, காலிழுத்து நடப்பவனாய், நியூ ஜேர்சியின் கேம்டன் நகரில் தம்பி ஜோர்ஜின் வீட்டில் ஒதுங்கினான். நூலைப் படிக்கத் தகாததென்று வைத்த அதே தம்பி. ஆயினும் வீட்டுக் கதவைத் திறந்தவன் அவனே.

அமெரிக்கக் குடியரசின் நூற்றாண்டான 1876இல், ஆசிரியர் பதிப்பென்று இரு தொகுதிகளைத் தானே வெளியிட்டான். இரண்டும் சேர்ந்து பத்து டொலர். கட்டுவதும் முகவரி எழுதித் தபாலிற் சேர்ப்பதும் அவனே. விற்பனைக்கு வழிசெய்ததும் அவனே: சொந்த நாட்டால் புறக்கணிக்கப்பட்டு வறுமையில் வாடுகிறான் விற்மன் என்று பெயரின்றி ஒரு கட்டுரையெழுதி உள்ளூர்ப் பத்திரிகையில் வெளியிட்டு, அதை இங்கிலாந்துக்கு அனுப்பினான். அங்கே வில்லியம் மைக்கேல் றொசெற்றி முன்னின்று சந்தா திரட்டினார்; பேராசிரியர் டௌடன் முதலானோர் வாங்கினர். தொழிலாளருக்காக எழுதிய நூலைக் கடல்கடந்த கனவான்கள் காப்பாற்றினார்கள். இம்முரண்பாட்டை நாம் மறைக்கவேண்டியதில்லை. அவன் பாடிய படகுக்காரனும் கொல்லனும் அந்நாளில் அவனைப் படிக்கவில்லை.

அதே ஆண்டு முதல், ரிம்பர் ஓடை அருகே ஸ்ரபோட் என்ற கமக்காரக் குடும்பத்தோடு நீண்ட நாட்கள் தங்கலானான். மனித நடமாட்டமில்லாத ஓடைக்கரையில் உடையைக் களைந்து வெயிலில் அமர்வான்; சேற்றைப் பூசி நீராடுவான்; இளமரங்களைப் பற்றி வளைத்து மல்லாடி, முடங்கிய கைகால்களுக்குப் பயிற்சி கொடுப்பான்; யாரும் கேளாத இடத்தில் பழைய ஒப்பெராப் பாடல்களை உரத்துப் பாடுவான். மோஸ் வெல்சர் பத்திரிகையிற் போதித்தவை யாவும் இருபது ஆண்டுகள் கழித்து ஒரு முடவனால் உண்மையாகவே கைக்கொள்ளப்பட்டன. ஓரளவு பயனும் தந்தன. 1879இல் றொக்கி மலைவரை பயணம் செய்யவும் அவனால் முடிந்தது. 1881ஆம் ஆண்டுப் பதிப்பிலே, தான் முப்பத்தேழு வயதினன், குறையா நலமுடையவன் என்னும் பொருள்பட எழுதியிருந்த அடிகளை வேறொரு கவிதையிலிருந்து எடுத்துத் தன் தலையாய கவிதையின் தொடக்கத்திற் கொண்டுவந்து சேர்த்தான். அப்போது அவனுக்கு வயது அறுபத்திரண்டு. பாரிசவாதம் வந்து எட்டாண்டுகள்.

அப்பதிப்பைப் பொஸ்ரனின் பெரிய பதிப்பகமொன்று வெளியிட்டது. 1882 மார்ச்சில் அரச சட்டத்தரணி அதனை ஆபாசமென்று அறிவித்துப் பல பகுதிகளை நீக்கக் கோரினார். விற்மன் மறுத்தான், பதிப்பகம் பின்வாங்கியது. அச்சுத்தகடுகளை அவன் தானே பெற்றுப் பிலடெல்பியாவிற் பதிப்பித்தான். தடைச்செய்தி செய்த உபகாரத்தால் அந்த முதல் ஆயிரம் படிகள் ஒரே நாளில் விற்றன. அந்த வருவாயைக் கொண்டு 1884இல் கேம்டனின் மிக்கிள் வீதியில் 1,750 டொலருக்குச் சிறிய மரவீடொன்றை வாங்கினான். வாழ்நாளில் அவனுக்குச் சொந்தமாயிருந்த வீடு அது ஒன்றே.

மேரி டேவிஸ் என்ற மாலுமியின் விதவை வீட்டைப் பராமரித்தார். அறை முழுவதும் முழங்கால் அளவுக்குக் காகிதம் சிதறிக்கிடக்கும். ஊன்றுகோலாற் கிளறி வேண்டியதை எடுப்பான். ஒழுங்குபடுத்த எவரையும் விடமாட்டான். பிற்காலத்தில் உலகப்புகழ் பெற்ற மருத்துவரான வில்லியம் ஒஸ்லர் அவனைப் பார்த்துவந்தார். 1888 முதல் ஹொரஸ் றோபல் என்ற இளைஞர் நாள்தோறும் வந்து, அவன் பேசியவற்றையெல்லாம் குறித்துவைத்தார். அக்குறிப்புகள் 1906 தொடங்கி 1996 வரை ஒன்பது பெருந்தொகுதிகளாக வந்துள்ளன. றோபல் சோசலிசவாதி. கிழவனைத் தம் பக்கம் இழுக்க ஓயாது முயன்றார். பொதுவாக அனுதாபம் உண்டு என்பான் விற்மன். கட்சி எதிலும் சேரமாட்டான். இதில் அவனுடைய எல்லை தெரிகிறது. அடிமைமுறையை அவன் எதிர்த்ததிலும், அது வெள்ளைத் தொழிலாளியின் மதிப்பைக் கெடுக்கும் என்ற வாதமே 1847இல் முன்னின்றது. போருக்குப் பின்னர் கறுப்பின மக்களின் வாக்குரிமையில் அவன் ஊக்கம் காட்டவில்லை. மிக்கிள் வீதி இன்று மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரைத் தாங்குகிறது. நூதனசாலையாகிவிட்ட அவன் வீடு அப்பெயருள்ள வீதியில் நிற்கிறது.

எல்லையை அவனது வாசகர்கள் தாண்டினர். 1887இல் நியூயோர்க்கில் லிங்கனைப் பற்றி அவன் ஆற்றிய உரையைக் கேட்டவர்களுள் ஒருவர் கியூபாவின் விடுதலை வீரர் ஹொசே மார்த்தி. அவர் எழுதிய கட்டுரையே லத்தீன் அமெரிக்காவுக்கு விற்மனை அறிமுகப்படுத்தியது. ருஷ்யாவில் சுக்கோவ்ஸ்கியின் மொழிபெயர்ப்புக்கள் 1907 முதல் பல பதிப்புக்கள் கண்டன. இங்கிலாந்தின் எட்வேட் கார்ப்பென்ரர் 1877இலும் 1884இலும் கேம்டனுக்குச் சென்று அவனைக் கண்டார். அவன் நடையிலேயே ‘சனநாயகத்தை நோக்கி’ என்னும் நூலை எழுதினார். அந்தக் கார்ப்பென்ரரின் கேம்பிரிட்ஜ்த் தோழர் நமது பொன்னம்பலம் அருணாசலம். அவர் அளித்த பகவத்கீதை மொழிபெயர்ப்பு அந்நூல் பிறக்கத் தூண்டுதலாயிற்று என்று கார்ப்பென்ரரே எழுதியுள்ளார். 1890இல் அவர் இலங்கைக்கு வந்து அருணாசலத்தின் விருந்தினராயிருந்தார். 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தை அமைக்க முன்னின்றவர் அருணாசலம் என்பதையும் இங்கு நினைக்கலாம். தமிழிலே விற்மனை உணர்ந்து எழுதியவன் பாரதி. எதுகை மோனை தளை ஏதுமின்றி வசனம் போலவே இருக்கும் கவிதை என்று அவன் அறிமுகப்படுத்தினான். தன் நூல்களை நாற்பது பகுதிகளாக அச்சிட நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை விடுத்து, அது கைகூடாமலே 1921இல் மறைந்த பாரதிக்கு, விற்மனின் தபாற்கட்டுக்களின் கதை தெரிந்திருந்தால் என்ன நினைத்திருப்பானோ!

விற்மன் தன் நூலை இறுதிவரை திருத்திப் பெருக்கிக்கொண்டேயிருந்தான். பன்னிரண்டு கவிதைகளாய்த் தொடங்கியது நானூறளவாய் வளர்ந்தது. மரணப்படுக்கைப் பதிப்பு எனப்படும் கடைசிப் பதிப்பு 1891 டிசெம்பரில் அவன் கைக்கு வந்தது. அம்மாதமே நிமோனியாக் காய்ச்சலில் வீழ்ந்தான். 1892 மார்ச் 26ஆம் திகதி மாலை உயிர் பிரிந்தது. வறியவனென்று நண்பர்கள் சந்தா கட்டிக் காத்த கிழவனின் பெயரில் வங்கியிற் சில ஆயிரம் டொலர் இருந்ததை அறிந்து சிலர் முகம் சுளித்தனர். அப்பணத்தின் பெரும்பகுதி, மேன்மாடி அறையில் அவனோடு ஒரே படுக்கையிற் படுத்த எடியின் பராமரிப்புக்கென்று உயிலில் எழுதப்பட்டிருந்தது.

மறுநாள் உடலைப் பரிசோதித்த மருத்துவர்கள் வியந்தனர். இடப்பக்க நுரையீரல் சுருங்கிவிட்டது. வலப்பக்கத்திலும் எட்டிலொரு பங்கே மூச்சுக்குப் பயன்பட்டிருக்கிறது. உடலெங்கும் கசநோய் பரவியிருந்தது. சிறுநீரகமும் கெட்டிருந்தது. பித்தப்பையிற் கல் இருந்தது. பௌலர் தடவிப் பார்த்துப் புகழ்ந்த மண்டையிலிருந்து மூளையை எடுத்து, அறிஞர்களின் மூளைகளை ஆராயும் ஒரு சங்கத்திடம் ஒப்படைத்தார்கள். ஆய்வுகூடத்தில் உதவியாளர் ஒருவரின் கைதவறி அது கீழே விழுந்து சிதறிப்போனதாக 1907இல் ஓர் அறிக்கை தெரிவித்தது.